யவீருவின் மகளும் மூன்றாம் வகுப்புப் பையனும்



மே மாதம் வி.பி.எஸ். தொடங்கப் போகிறது. என்னிடம் நாலாம் வகுப்பு படித்த ஒரு பெண், இந்த வருஷம் எங்கள் சபையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். "பாட்டு, ஆக்‌ஷன், கிராஃப்ட் எல்லாம் ரெடி டீச்சர். நீங்க ஏதாவது சொல்லுங்க" என்று போனில் கேட்டாள். அப்போது எதையோ சொல்லிச் சமாளித்தேன். சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

வாரநாளில் வாய்ப்பாடு கேட்ட டீச்சரைத்தான் உங்களில் பலருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயில் வேப்பமரத்தடியில் சண்டே ஸ்கூல் எடுத்ததும் நான்தான். ஃபிளானல் துணி கட்டிய பலகையில் கதைப்படங்களை ஒட்டுவேன். படத்தின் பின்னால் உப்புத்தாள் இருப்பதால் துணியில் பிடித்துக்கொள்ளும். காற்றடித்தால் பேதுரு பறந்துபோவார், பிள்ளைகள் துரத்திப் பிடித்து வருவார்கள். இன்று புரொஜெக்டர் வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அதில் இல்லை என்பது என் எண்ணம், போகட்டும்.

1986 என்று நினைக்கிறேன். அன்று யவீருவின் மகள் கதை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை இறந்துபோகிறாள், இயேசு கையைப் பிடித்து எழுப்புகிறார். படுத்திருக்கும் படத்தை எடுத்துவிட்டு நிற்கும் படத்தை ஒட்டினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்த உற்சாகத்தில், "விசுவாசத்தோட கேட்டா இயேசு கண்டிப்பா குடுப்பார்" என்று சொன்னேன். மூன்று தரம் திருப்பிச் சொல்லவும் வைத்தேன்.

முன்வரிசையில் ஒரு மூன்றாம் வகுப்புப் பையன். அவன் அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

அடுத்த மாதம் அம்மா இறந்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து வந்தவன், வகுப்பு முடிந்தும் போகாமல் பலகைப் பக்கத்திலேயே நின்றான். "டீச்சர், மத்தியானம் சாப்பிடாமக்கூட ஜெபம் பண்ணுனேன். எனக்கு விசுவாசம் பத்தலியா?" என்று கேட்டான்.

எட்டு வயதுப் பிள்ளை, அம்மாவின் சாவுக்குத் தான்தான் காரணம் என்று இரண்டு வாரமாகச் சுமந்திருக்கிறான். எனக்கு வாய் வரவில்லை. பையிலிருந்த பிஸ்கட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்தப் பிஸ்கட்டை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வாரம் தூக்கமில்லை. தாவீது ஏழு நாள் உபவாசமிருந்தும் குழந்தை இறந்த கதையைச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் அதில் தகப்பன் செய்த பாவத்துக்காகப் பிள்ளை சாகிறது. ஏற்கெனவே தன்னையே குற்றவாளியாக நினைக்கிறவனுக்கு அது விஷம். கடைசியில் பெரிய வெள்ளிக்கான பெட்டியைத் திறந்து கெத்செமனே படத்தை எடுத்தேன்.

மறு ஞாயிறு பாடத்தை ஒதுக்கிவிட்டு அதைச் சொன்னேன். இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று இயேசு மூன்று தரம் ஜெபித்தார், அது நீங்கவில்லை. பிறகு எல்லாப் பிள்ளைகள் முன்னாலும், "போன மாசம் டீச்சர் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். யாரோட ஜெபத்துலயும் குறை இல்லை" என்றேன். அவன் நிமிர்ந்து, "இயேசு கேட்டதும் கிடைக்கலியா டீச்சர்?" என்றான். ஆமாம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. அன்று படங்களை அடுக்கி வைக்க அவன்தான் உதவினான்.

அம்மா ஏன் இறந்தார் என்று நான் விளக்கவில்லை. எனக்குத் தெரியாது.

அதன்பிறகு பரிசுக்கு மனப்பாடம் பண்ண 23-ஆம் சங்கீதத்தோடு 13-ஆம் சங்கீதத்தையும் சேர்த்தேன். ஆறே வசனம்தான், மூன்றாம் வகுப்புக்குத் தாங்கும். இன்னும் எத்தனை நாள் என்று தாவீது ஆண்டவரிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற சங்கீதம் அது. "பிள்ளைகளுக்கு ஏன் இந்த ஒப்பாரி?" என்று சபையில் ஒருவர் கேட்டார். வீட்டில் அழுகிற பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள் ஐயா என்றேன்.

இன்னொன்று, துக்க வீட்டில் பிள்ளைகளிடம் "நல்லவங்கள இயேசு சீக்கிரம் எடுத்துக்குவார்" என்று சொல்லாதீர்கள். அப்படிக் கேட்டபிறகு நல்ல பிள்ளையாக இருக்கவே பயந்த ஒரு சிறுமியை எனக்குத் தெரியும்.

அந்தப் பையனுக்கு இப்போது காலேஜில் படிக்கிற மகள் இருக்கிறாள். சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். "பிஸ்கட் ஞாபகமே இல்ல டீச்சர்" என்கிறான்.

மகளே, யவீருவின் மகள் கதையைத் தாராளமாகச் சொல். சொல்வதற்கு முன்னால், யார் வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்று மட்டும் விசாரித்துக்கொள். பதில் தெரியாத கேள்வி வந்தால் போன் பண்ணு. எனக்கும் தெரியாமல் இருக்கலாம், சேர்ந்து யோசிப்போம்.