தேக்கடி: கிளம்பாத கடைசிப் படகு

மே மாதக் கடைசி. பிற்பகல் மூன்றரைக்குப் புறப்பட வேண்டிய படகு நாலேகால் ஆகியும் துறையை விட்டு நகரவில்லை. இன்ஜின் இரண்டு முறை இருமுகிறது, கொஞ்சம் புகை விடுகிறது, அடங்கிவிடுகிறது. டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டதாம். மெக்கானிக் பின்பக்கப் பலகையைத் தூக்கித் தலையை உள்ளே விட்டிருக்கிறார். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுக்குள் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டுகிறது.

"காசு வாங்கிட்டு உக்கார வெச்சிட்டாங்களே" என்று ஒருவர் சத்தம் போடுகிறார். யானை எப்போது வரும் என்று ஒரு குழந்தை நச்சரிக்கிறது. அதன் தாத்தா, கம்பத்து விவசாயி, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "எத்தனை அடி நிக்குது தம்பி?" என்று கேட்கிறார். மலையாளி ஊழியர் சிரித்தபடி, நீரில் நிற்கும் ஒரு பட்டுப்போன மரத்தைக் காட்டுகிறார். பழைய நீர்மட்டக் கோடு ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே தெரிகிறது.

பென்னிகுக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-ல் முடிந்தபோது மூழ்கிய காட்டின் மிச்சம் இந்த மரங்கள். ஏரி இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே தேனிப் பக்கம் இறங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு வழக்கமாக ஜூன் முதல் தேதி மதகு திறக்கும். 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அதெல்லாம் மழை பெய்தால்தான். நீர் வற்றினால் கரையில் புல் முளைத்து விலங்குகள் இறங்கும், சுற்றுலாக்காரருக்குக் கொண்டாட்டம். பெரியவருக்கு அது வயிற்றெரிச்சல்.

நாலரைக்கு இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்பதால் பாதித் தூரம்தான் என்கிறார்கள். மறுபடி முணுமுணுப்பு. மரங்களின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகு காயவைக்கின்றன. ஒரு வளைவில் காட்டெருமைக் கூட்டம் தெரிய, நாலைந்து பேர் கேமராவோடு எழுகிறார்கள். "இரிக்கூ!" ஊழியரின் குரலில் அதுவரை இருந்த சிரிப்பு இல்லை. அத்தனை பேரும் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

2009 செப்டம்பர் 30 மாலை, இதே ஏரியில், விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்தபோதுதான் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயமானது அதற்குப் பிறகு. துறையில் சத்தம் போட்டவர் இப்போது தன் ஜாக்கெட்டின் பட்டையை இழுத்துச் சரிபார்க்கிறார். ஒரு மணி நேரத் தாமதத்தைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

யானை வரவில்லை. கரைக்கு வந்தபோது ஆறு மணி. குமுளியிலிருந்து கம்பம் பஸ் மலையிறங்குகிறது. லோயர்கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களை அந்தி வெளிச்சத்தில் பேரனுக்குக் காட்டுகிறார் பெரியவர்.

"நாம போட்ல போன தண்ணி இது வழியாத்தான் நம்ம வயலுக்கு வரும்டா."

குழந்தை தூங்கிவிட்டிருக்கிறது.