பகடை உருளும் முன்

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் அமெரிக்காவில் வெளியான கற்பனைக் கதை விளையாட்டு. கதையை நடத்தி, விதிக்குப் பொருள் சொல்பவர் 'டஞ்சன் மாஸ்டர்'. எங்கள் வீட்டில் அது நான்தான்.

ஒருநாள் பேரன் கதையில் வரும் ராஜாவிடம் ராஜ்யத்தையே கேட்கப் போனான். 2014 விதிநூலின்படி, இருபது முகப் பகடையில் 20 விழுந்தால் தாக்குதல் தப்பாது. பேசி மசிய வைப்பதற்கு அந்தச் சலுகை இல்லை.

"20 விழுந்தாலும் ராஜ்யம் கிடைக்காதுடா. ராஜா கோபப்படாம சிரிப்பார், அவ்வளவுதான். உருட்டுறியா?" என்றேன்.

உருட்டினான். 20!

முகம் வாடியது. ஆனாலும் "தாத்தா, ஏமாத்திட்டீங்க" என்று சொல்லவில்லை. சிரித்த ராஜாவிடம் ஒரு குதிரை கேட்டான், கொடுத்தேன்.

விதிக்கு என்ன பொருள் என்பதைப் பகடை உருளும் முன்பே சொல்லிவிட வேண்டும். விழுந்த எண்ணைப் பார்த்த பிறகு சொன்னால், நியாயமாகவே இருந்தாலும் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.