எடையில்லாத பயணிகள்

விமானம் ஓட்டும் கலையைத் தரையில் அமர்ந்தபடியே கற்பிக்கும் கருவிகளுள் புகழ்பெற்ற ஒன்று ஓர் ஆர்கன் தொழிற்சாலையில் பிறந்தது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தை, தானே இசைக்கும் பியானோக்களையும் ஆர்கன்களையும் செய்து விற்றுவந்தார். அங்கே தொழில் பழகிய மகன், ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே, சாயவும் நிமிரவும் திரும்பவும் கூடிய ஒரு சிறு விமானக் கூட்டை 1929-இல் அமைத்தார். அன்று அதைப் பெரும்பாலோர் கேளிக்கைப் பொருளாகவே கண்டனர். கேளிக்கைப் பூங்காக்களே அதை விரும்பி வாங்கின. 1934-இல் அஞ்சல் சுமந்து பறந்த இராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் சிக்கி உயிரிழந்த பிறகே, அந்த விளையாட்டுக் கூட்டின் அருமை அமெரிக்க வான்படைக்கு விளங்கிற்று.

விளையாட்டுக்கும் வாழ்வுக்கும் இடையேயுள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பதை இவ்வரலாறு நமக்குக் காட்டுகிறது. இன்று அக்கோட்டின்மேல் நிற்பவை, கணிப்பொறியில் வண்டியோட்டும் ஆட்டங்கள். செக் நாட்டின் பிராகு நகரிலுள்ள எஸ்.சி.எஸ். நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’ அவற்றுள் ஒன்று. சுமை ஏற்றிய லாரியை ஐரோப்பியச் சாலைகளில் விதி பிறழாமல் ஓட்டிச் சேர்ப்பதே அதன் ஆட்டம். பந்தயம் இல்லை, துப்பாக்கி இல்லை. ஆயினும் உலகெங்கும் இளைஞர்கள் அதில் மணிக்கணக்கில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை ஈர்ப்பது நுணுக்கம். 2020-இல் அதன் ஒலியமைப்பு முழுவதும் மாற்றப்பட்டது; அதன்பின், பக்கக் கண்ணாடியை இறக்கினால் வெளியோசை உள்ளே புகுவதையும் கேட்கலாம்.

நிறுவனம் தந்ததோடு நிறைவடையாமல், தங்கள் ஊர் வண்டிகளைத் தாங்களே செய்து ஆட்டத்தில் சேர்க்கிறவர்களும் உண்டு. மலேயோ என்ற இந்தோனேசிய நிறுவனம் 2017-இல் வெளியிட்ட பேருந்து ஆட்டத்தில் கேரளத்து இளைஞர்களும் தமிழக இளைஞர்களும் தம் ஊர்ப் பேருந்துகளின் வண்ணங்களைத் தீட்டி ஓடவிட்டிருக்கிறார்கள். என் அக்காள் மகன் அத்தகையோரில் ஒருவன். கோவையில் பொறியியல் பயில்கிறான். நமது அரசுப் பேருந்து ஒன்றை யூரோ டிரக் ஆட்டத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை.

அவன் வேலையை அருகிருந்து பார்த்தபோது, அது சிற்பியின் வேலைக்கும் கணக்கரின் வேலைக்கும் இடைப்பட்டது என்று தோன்றிற்று. வண்டியின் உருவம் முழுவதும் சிறுசிறு முக்கோணங்களால் ஆனது. முக்கோணங்கள் பெருகினால் உருவம் அழகுபெறும். ஆனால் கணிப்பொறி திணறும். ஆகவே எதைச் செதுக்குவது, எதை வெறும் படமாகத் தீட்டி ஒட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் தீர்மானித்தாக வேண்டும். அவன் கைப்பிடிக் கம்பியில் கைகள் பட்டுத் தேய்ந்த பளபளப்பைத் தீட்டினான். திருக்குறள் பலகையை மாட்டினான். ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ என்ற எச்சரிக்கையை எழுதினான். ஓட்டுநருக்கு முன்னே பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மெக்கா ஆகிய மூன்று படங்களையும் அருகருகே ஒட்டி, பிளாஸ்டிக் பூமாலை ஒன்றையும் சாத்தினான். பார்த்த எவரும் நம்ம ஊர் வண்டிதான் என்று சொல்லிவிடுவர்.

என் தந்தையாரோ அதைப் பார்த்துவிட்டு, “படம் நல்லா இருக்குது கண்ணு” என்று மட்டும் சொன்னார்.

அவர் முப்பத்தோராண்டுகள் பேருந்து ஓட்டியவர். அவற்றுள் பெரும்பகுதி பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் மலைத்தடம். ஆழியாற்றைக் கடந்து ஏறினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். எண்பது வயதைக் கடந்த அவர், தம் தொழிலைப் பற்றி எங்களிடம் அதிகம் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஓட்டுநர் வேலை என்பது கேட்டறியத்தக்க அறிவுடையது என்று குடும்பத்தில் எவருக்கும் தோன்றாமலே காலம் போய்விட்டது. பேரன்தான் குறிப்பேட்டுடன் வந்து அவர் காலடியில் அமர்ந்தான். அதன்பின் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் பேசினார்.

முன்பக்க எஞ்சின் வண்டியில் ஓட்டுநரின் இடப்புறமே எஞ்சின் இருக்கும். அதன் மூடியிலிருந்து எழும் வெப்பம் இடது காலை நாள் முழுதும் வாட்டும். அதைத் தணிக்கச் சாக்கு மடித்துப் போடுவார்களாம். மலை ஏறிய கியரிலேயே மலை இறங்க வேண்டும் என்பது அவர் கற்ற முதற்பாடம். இறக்கத்தில் பிரேக்கை ஓயாமல் மிதித்தால், தொட்டியில் சேர்ந்த காற்றின் அழுத்தம் குறைந்துகொண்டே வரும். சக்கரத்துப் பிரேக்கும் காய்ந்து பிடிமானம் இழக்கும். எனவே வண்டியைக் கட்டுப்படுத்தும் பொறுப்பில் பெரும்பங்கை எஞ்சினிடம் ஒப்படைத்துவிட வேண்டும். குறுகிய வளைவில் எதிரே வண்டி வந்தால், ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். மூடுபனியில் கண்ணைவிடக் காதே துணை. பேரன் பதிவுசெய்து வைத்திருந்த எஞ்சின் ஓசையைக் கண்மூடிக் கேட்டவர், மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும் இடத்தில் ஓசை பிசகுகிறது என்று சரியாகச் சுட்டினார்.

ஒரு நாள் அவரே ஆட்டத்தில் வண்டியை ஓட்டிப் பார்த்தார். ஒரு நிறுத்தத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர், சற்றுத் தூரம் சென்றதும் நிறுத்திவிட்டுக் கேட்டார்:

“ஏன் கண்ணு, ஆளு ஏறுனா வண்டி கனக்குமா, கனக்காதா?”

“அவங்க வெறும் படந்தானுங்க அப்புச்சி. எடை இல்லீங்க.”

“அப்பறம் என்னத்த ஓட்டறது?”

இக்கேள்வி எங்கள் வீட்டில் பல நாள் ஒலித்துக்கொண்டிருந்தது. இருக்கைகள் நிறைந்து, மேலும் இருபது பேர் நின்றால், வண்டி வேறு வண்டியாகிவிடுகிறது என்று அவர் விளக்கினார். நிற்கிறவர்களின் எடை மேலே இருப்பதால் வளைவில் சாய்வு கூடும். பிரேக் பிடித்தால் நிற்க அதிகத் தூரம் ஆகும். திரும்பிப் பாராமலே, ஸ்டியரிங்கைப் பிடித்த கையாலும் ஸ்பிரிங்கின் அசைவாலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவரால் ஏறத்தாழச் சொல்ல முடியுமாம். நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் ஏறியிருக்கிறார் என்று நடத்துநர் சொல்லிவிட்டால், பழகிய அந்த நாற்பது வளைவுகளும் புதிய நாற்பது வளைவுகளாகிவிடும் என்றார்.

பேரன் கணக்கிட்டான். ஆளுக்கு 60 கிலோ என்று கொண்டாலும் 70 பேருக்கு 4,200 கிலோ. ஆட்டத்தில் வண்டியின் எடை, ஸ்பிரிங்கின் விறைப்பு முதலியவை எழுத்துக் கோப்புகளில் வெறும் எண்களாகவே இருக்கின்றன. அவன் அவற்றைத் திருத்தி, வெறும் வண்டி, நிறைந்த வண்டி என இரண்டு செய்தான். நிறைந்த வண்டி ஏற்றத்தில் முனகியது, இறக்கத்தில் அச்சமூட்டியது. தந்தையார் அதை ஓட்டிப் பார்த்து, “இப்பத்தான் வண்டி” என்றார். அவர் சொன்ன கர்ப்பிணிப் பெண்ணை மட்டும் எந்த எண்ணால் எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

உள்ளது போலவே ஒன்றைச் செய்ய முனைகிறவன் முதலில் கண்ணுக்குத் தெரிவதைச் சேர்க்கிறான். பின்னர் காதுக்குக் கேட்பதை. அதன்பின் கைக்குப் படுவதை. இம்மூன்றும் இன்று வியக்கத்தக்க அளவு கைகூடிவிட்டன. நான்காவதாக ஒன்று இருக்கிறது. தன்னை நம்பிப் பின்னால் உறங்குகிற மனிதர்களின் பாரம் அது. ஆட்டத்தில் வண்டி மோதினால் பழுதுபார்க்கும் செலவு கணக்கில் கழிக்கப்படும், பயணம் தொடரும். சாலையில் அவ்வாறு இல்லை. நடுவண் அரசின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் ஒருவரையும் எந்தப் பொத்தானும் மீட்டுத் தராது.

இதனால் இவ்வாட்டங்கள் வீண் என்று நான் கருதவில்லை. லிங்க்கின் துருத்திக் கூடு எத்தனையோ விமானிகளைக் காத்தது. என் மருமகனின் பேருந்தும் ஒன்றைக் காத்திருக்கிறது: முப்பத்தோராண்டுகளாக ஒரு மனிதரின் கைகளிலும் காதுகளிலும் மட்டுமே வாழ்ந்து, கேட்பாரின்றி அவரோடு மறையவிருந்த அறிவை. நுணுக்கத்தைத் தேடிப் போன இளைஞன் ஒருவன், தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் யார் என்பதைக் கண்டுகொண்டான். அவனால் நாங்களும் கண்டுகொண்டோம்.

பேருந்தில் ஏறி, இடம்பிடித்து, கண்ணயர்ந்து, இறங்கிப் போகிற நாம் ஓட்டுநரின் முகத்தைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. நாம் வெறும் படமாக ஏறுவதில்லை. நம் எடை அவர் கைகளில் ஏறுகிறது. வளைவுக்கு வளைவு அதை ஏந்தி இறக்கிவிடுகிற ஒருவர் முன்னிருக்கையில் இருக்கிறார் என்ற நினைவு நமக்கு இருந்தால், இறங்கும்போது அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்க்கவேனும் மனம் வரும்.