துண்டுத் துணியில் எங்கள் மலை: தையல் வேலை எதுவரை வந்திருக்கிறது?

 

சனிக்கிழமைத் தையல் வேலை என்னவாயிற்று என்று டவுனிலும் பஸ்ஸிலும் பலர் கேட்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறோம். நாம் என்றால் ஆசிரியைகள் மூவர், பழைய மாணவிகள் நால்வர், ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் அக்காமார் ஐவர். ஆள் பன்னிரண்டு, மெஷின் நான்கு. அதில் இரண்டு கால் மெஷின்.

செய்வது ஒட்டுத்துணி வேலை. ஆங்கிலத்தில் க்வில்ட் என்பார்கள். மேலே வெட்டி இணைத்த துண்டுகள், நடுவில் பஞ்சு அல்லது பழைய கம்பளி, அடியில் ஒரு முழுத் துணி. மூன்றையும் சேர்த்துத் தைப்பது. கல்வியியற் கல்லூரியில் மனைப்பொருளியல் படித்தபோது இதற்கு அரைப் பக்கம்தான் குறிப்பு இருந்தது. மற்றதெல்லாம் கையால் கற்றது.

முதலில் கணக்கு. தொழுகை விரிப்பு ஆறு தொடங்கினோம், நான்கு முடிந்துவிட்டன, அல்ஹம்துலில்லாஹ். குழந்தைப் போர்வை ஐந்தில் மூன்று முடிந்தது. மற்ற இரண்டும் மழையால் நிற்கின்றன. ஆனி, ஆடியில் இங்கே துணி காயாது என்பது உங்களுக்குத் தெரியும். ஈரத்தோடு உள்ளே கம்பளியை வைத்துத் தைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். பெரிய சுவர்த்துணி ஒன்று, நாலடிக்கு மூன்றடி, முழுவதும் முடிந்துவிட்டது. அதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

அந்தத் துணியில் இருப்பது எங்கள் மலை. தேயிலை நிரைகளை மெஷினாலேயே வரைந்திருக்கிறோம். சாதாரணத் தையலில் ஊசிக்குக் கீழே இருக்கும் பல் துணியைத் தள்ளும். கோடு நேராக வரும். இந்த வேலைக்கு அந்தப் பல்லை இறக்கிவிட வேண்டும். இறக்க முடியாத பழைய மெஷினில் அதன் மேல் ஒரு மட்டையை ஒட்டி மூடலாம். பிறகு துணியை நம் கைதான் நகர்த்த வேண்டும். கை வேகமாகப் போனால் தையல் நீளும். கை தயங்கினால் நூல் ஒரே இடத்தில் குவியும். ஊசி துணிக்குள் இருக்கும்போது இழுத்தால் ஊசி முறியும். பொபின் நூலை முதலிலேயே மேலே எடுத்துக்கொள்வதும், நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போவதும் முக்கியம். இல்லாவிட்டால் அடித்துணி சுருங்கும். மின்சார மெஷினை விட கால் மெஷினில் இது சீக்கிரம் பழகுகிறது. மிதிப்பது நாமே என்பதால் வேகம் நம் வசம் இருக்கும்.

நிரைகளை வரையச் சொல்லி இருபது வருஷம் கொழுந்து பறித்த ஓர் அக்காவிடம் சோக்கைக் கொடுத்தோம். "நிரை மலையச் சுத்திப் போகும் டீச்சர். நேரா இறங்குறது கான் மட்டுந்தான்" என்று சொல்லிக்கொண்டே ஒரே மூச்சில் வரைந்தார். உருவம் தைக்க விரும்பாத தாத்தாமார் கொழுந்துக் கூடையைத் தைத்தார்கள். அக்காமார் கூடையோடு ஆளையும் தைத்தார்கள். இரண்டும் ஒரே மலையில் இருக்கின்றன.

இது வெள்ளைக்காரர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் ஆபிரிக்க வம்சாவளியினரான சித்திப் பெண்கள் பழைய உடைகளைக் கொண்டு கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி வருவது அவர்கள் முறை. அவர்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. நமக்குப் பக்கத்தில், மாத்தளை அலுவிஹாரையில், ஏனா டி சில்வா (1922–2015) அயல் பெண்களைச் சேர்த்து பத்திக்கையும் எம்ப்ராய்டரியையும் பெரிய கலையாக வளர்த்தார்.

எங்களுக்கு மிக நெருக்கமானது அமெரிக்காவின் அலபாமாவிலுள்ள ஜீஸ் பெண்ட் ஊரின் கதை. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியினர் அவர்கள். குளிருக்காகக் கிழிந்த வேலை உடுப்பை வெட்டித் தைத்தார்கள். 2002இல் அந்தப் போர்வைகள் ஹூஸ்டனிலும் நியூயோர்க்கிலும் பெரிய அருங்காட்சியகங்களில் தொங்கின. 2006இல் தபால் முத்திரையிலும் வந்தன. 2007இல், தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்று அவர்களில் சிலர் வழக்குப் போட வேண்டியதாயிற்று. மறுவருஷம் அது சமரசத்தில் முடிந்தது. பெயர் வந்த பிறகும் விலைப் பிரச்சினை முடியவில்லை.

அதே பிரச்சினை இப்போது எங்களிடம் வந்திருக்கிறது. சுற்றுலா விடுதி ஒன்று சுவர்த்துணியைக் கேட்டது. ஆறாயிரம் ரூபா தருவதாகச் சொன்னார்கள். நாங்கள் ஆரம்பத்திலிருந்தே ஒரு கொப்பியில் நேரம் எழுதி வருகிறோம். அந்தத் துணிக்கு 96 மணித்தியாலம் போயிருக்கிறது. எட்டு மணித்தியாலம் ஒரு நாள் என்றால் பன்னிரண்டு நாள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கில் கூலி மட்டும் 16,200. விடுதி சொன்ன விலையில் ஒரு நாளுக்கு 500 ரூபா விழுகிறது. துணியும் நூலும் இதில் சேரவில்லை.

கொடுக்க வேண்டாம் என்று ஏழு பேர் சொன்னார்கள். கொடுப்போம் என்ற ஐவரின் பேச்சும் லேசானதல்ல. "சொவத்துல தொங்கினா அரிசி வருமா டீச்சர்? பிள்ளைக்கு டியூசன் காசு இந்த மாசம் கட்டணும்" என்றார் ஓர் அக்கா. மாதம் தவறாமல் சம்பளம் எடுக்கும் ஆசிரியைகளுக்கு "காத்திருப்போம்" என்று சொல்வது சுலபம். ஆகவே அன்றே எங்கள் சீட்டிலிருந்து அவருக்கு முற்பணம் கொடுத்தோம். அதன் பிறகுதான் முடிவெடுத்தோம்: கூலிக்குக் குறைந்து எதையும் விற்பதில்லை. விற்கும் ஒவ்வொரு பொருளிலும், அதைத் தைக்க எத்தனை மணித்தியாலம் ஆனது என்று எழுதிய சீட்டு தொங்கும். இந்த முடிவு சரிதானா என்பது சுவர்த்துணி விற்கும் நாளில் தெரியும். இன்னும் விற்கவில்லை.

உங்களிடம் கேட்பது மூன்று. கார்மன்ட் வெட்டுத்துண்டு, பழைய பருத்திச் சாரம், சேலை இருந்தால் கழுவிக் காயவைத்துத் தாருங்கள்; நைலோன் வேண்டாம். மூலையில் சும்மா நிற்கும் கால் மெஷின் இருந்தால் இரவலாகவாவது தாருங்கள். மூன்றாவது, உங்கள் ஊரில் யார் எதைத் தைத்து விற்றாலும் விலை பேசும் முன், "எத்தனை நாள் ஆனது?" என்று ஒரு தடவை கேளுங்கள்.

தொழுகை விரிப்பு இரண்டும் இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதத்துக்குள் முடியும். வெயில் வந்தால் போர்வையும் முடியும். சனிக்கிழமைகளில் ளுஹருக்குப் பிறகு அஸர் வரை இருக்கிறோம். வந்து பாருங்கள், கையோடு ஒரு கத்தரிக்கோலும் கொண்டுவாருங்கள். இந்தக் கைகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.