பரிசிலும் புள்ளியும்

எங்கள் கடன் அட்டையை வழங்கிய வங்கியிடமிருந்து சென்ற வாரம் ஒரு மடல் வந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வெகுமதிப் புள்ளி ஒன்றின் மதிப்பு 50 காசிலிருந்து 25 காசாகக் குறைகிறதாம். வீட்டு வாடகைக்கு இனிப் புள்ளி கிடையாது. நான்கு ஆண்டுகளாக நாங்கள் சேர்த்தவை 40,000 புள்ளிகள். அம்மாவைக் காசிக்கு விமானத்தில் அழைத்துச் செல்வதற்கென்று வைத்திருந்தோம். 20,000 ரூபாய் ஒரே மடலில் 10,000 ஆகவிருக்கிறது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2023 செப்டம்பரில் ஆக்சிஸ் வங்கி தன் மேக்னஸ் அட்டையின் ஆண்டுக் கட்டணத்தை 10,000 ரூபாயிலிருந்து 12,500 ஆக உயர்த்தி, மாதம் ஒரு லட்சம் செலவழித்தோருக்குத் தந்துவந்த 25,000 புள்ளிகளையும் நிறுத்தியது. 2024 ஏப்ரலில் எஸ்பிஐ கார்டு நிறுவனம் தன் அட்டைகள் சிலவற்றில் வாடகைக்கான புள்ளிகளை நிறுத்தியது.

கட்டணத்தை மாற்றினால் ஒரு மாதம் முன்னரே அறிவிக்க வேண்டும், அம்மாற்றம் பிடிக்காமல் அட்டையைத் திருப்பித் தருவோரிடம் கூடுதலாக எதுவும் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்திருக்கிறது. புள்ளியின் மதிப்பையோ, எங்கள் அட்டையின் விதிமுறைத் தாள் வங்கியின் விருப்பத்துக்கே விட்டிருந்தது. நாங்கள் அதைப் படிக்காமலே கையொப்பமிட்டிருந்தோம்.

அம்மாவிடம் விளக்க முயன்றோம். காரிமங்கலம் சந்தையில் காய் வாங்கினால் கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலை தருவதைப் போல என்றோம். "அது அப்பவே பையில விழுந்துடும். கைக்கே வராதது என்ன கொசுறுப்பா?" என்றார். கடைக்காரர் ஒவ்வொரு அட்டை விற்பனைக்கும் வங்கிக்குக் கட்டணம் கொடுக்கிறார், புள்ளியின் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது, அக்கட்டணமும் பொருளின் விலையிலேயே அடங்கிவிடுகிறது என்றெல்லாம் நாங்கள் சொன்னபோது, "அப்ப நம்ம காசுதானே" என்று முடித்துவிட்டார்.

புறநானூற்றின் 208-ஆம் பாடலை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். மலைகள் பல கடந்து வந்த பெருஞ்சித்திரனாரை நேரில் காணாமலே பரிசில் கொடுத்தனுப்புகிறான் அதியமான் நெடுமான் அஞ்சி. தம்மைக் காணாது தந்த பொருளைக் கொள்ள, தாம் பரிசிலை வாணிகமாக்கியவரல்லர் என்று புலவர் மறுக்கிறார். அதியமான் எங்கள் தகடூர்ச் சீமையின் மன்னன் என்பதால், இப்பாடலை நடத்தும்போது எங்கள் குரல் சற்று உயர்வது வழக்கம்.

இவ்வாண்டு அக்குரல் உயருமா என்று தெரியவில்லை. வங்கியைக் குறை சொல்வது எளிது. அது வணிகம் செய்கிறது, வணிகம் என்றே எழுதியும் தந்தது. பரிசில் என்று பெயரிட்டுக்கொண்டவர்கள் நாங்கள். புள்ளிக்காகவே தேவையற்ற அலமாரி ஒன்றை வாங்கினோம். ஒரு தீபாவளிக்குக் கெடு தவறி, மாதத்துக்கு மூன்றரை விழுக்காடு வட்டி கட்டினோம். அவ்வட்டியைப் புள்ளிக் கணக்கில் நாங்கள் ஒருநாளும் கழித்துப் பார்த்ததில்லை.

மாதம் முடியுமுன் புள்ளிகள் அனைத்தையும் கொடுத்து, பெங்களூரிலிருந்து வாரணாசிக்கு இரண்டு பயணச்சீட்டுகள் எடுத்துவிட்டோம். போவதற்கு மட்டுந்தான் அவை போதுமாயின. திரும்பி வருவது ரயிலில், எங்கள் சொந்தக் காசில். அம்மாவுக்கு அதுவே பிடித்திருக்கிறது.