நூற்றெட்டுத் தரம் ஒரே சொல்

"ஒரே சொல்லை நூற்றெட்டுத் தரம் சொன்னால் அது கவிதையாகிவிடுமா, அம்மா?" என்று என் தாயாரை ஒரு நாள் கேட்டேன். அப்போது நான் கலாசாலையில் வாசித்துக்கொண்டிருந்தேன். இலக்கியம் முழுவதையும் கரைத்துக் குடித்துவிட்டதாக எண்ணம். அம்மாவோ அடுப்பங்கரையில் ஸ்ரீ ரமணரின் அக்ஷரமணமாலையைப் பாடிக்கொண்டிருந்தாள். அதில் 108 கண்ணிகள். ஒவ்வொன்றும் 'அருணாசலா' என்றே முடியும்.

அம்மா கோபிக்கவில்லை. "நீயும் ஒரு நாள் பாடிப் பாரேன்" என்றாள். நான் பாடவில்லை. சென்ற வருஷம் அம்மா காலமானாள். அதன் பிறகுதான் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டேன்.

அந்தச் சொல் ரமணருக்குக் கிட்டிய விதமே விசித்திரமானது. 1895-ஆம் வருஷம் அவர் மதுரையில் பள்ளி மாணாக்கர். உறவினர் ஒருவர், தாம் அருணாசலத்திலிருந்து வருவதாகச் சொன்னார். அது போய்ச் சேரக்கூடிய ஓர் ஊரா என்று பையனுக்கு ஒரே வியப்பு! மறு வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி இங்கே வந்தவர், 1950-ல் மறையும் வரையில் இவ்வூரை விட்டு அகலவேயில்லை. விரூபாக்ஷ குகையில் அவர் வசித்த காலத்தில், பிக்ஷைக்குச் செல்லும் அடியார்கள் பாடுவதற்காகப் பிறந்ததே இம்மாலை.

பௌர்ணமியன்று கிரிவலம் கிளம்பினேன். சுமார் 14 கிலோமீட்டர். முன்னே சென்ற கூட்டத்தார் அதே பாட்டைப் பாடினார்கள். நடை அலுப்புத் தீரட்டுமென்று நானும் சேர்ந்துகொண்டேன்.

'அசலம்' என்றால் அசையாதது. மலை அசைவதில்லை, நாம்தான் சுற்றுகிறோம். கிழக்கே ஒற்றைச் சிகரமாய் நின்றது, போகப் போக வேறு வேறு உருக் காட்டுகிறது. பாட்டும் அப்படித்தான். சொல் அசையாமல் நிற்க, கண்ணிகள் அதை வலம் வருகின்றன. அழகு, சுந்தரம் என்ற இரு சொற்களுக்கும் பொருள் ஒன்று. அவை ரமணருடைய தாய் தந்தையரின் பெயர்களும் ஆகும். அவற்றைப் போல் நீயும் நானும் பிரிவற்றிருப்போம் என்று வேண்டுகிறது இரண்டாவது கண்ணி. பிறகு அதே சொல் கெஞ்சுகிறது, ஊடுகிறது, கைவிடாதே என்று மன்றாடுகிறது. கடைசியில் மாலை மாற்றிக்கொள்வதாக முடிகிறது. நூற்றெட்டுத் தரமும் மாறுவது அழைப்பவரின் உள்ளமே.

எனக்கு முதலில் அது மலையின் பெயராக மட்டும் இருந்தது. பாதி வழியில் தொண்டை கம்மிற்று. நான் கூப்பிட்டது மலையை அல்ல, அம்மாவை! அடி அண்ணாமலையைத் தாண்டியபோது அழுகையும் ஓய்ந்தது. சொல் மட்டும் நின்றது. 'இப்படிக் கூப்பிடுகிறவன் யார்?' என்று தோன்றியது. 'நான் யார்?' என்று விசாரிக்கும்படிதானே ரமணர் வாழ்நாளெல்லாம் சொன்னார்? எனக்கு விடை கிடைத்துவிட்டதென்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று அடுப்பங்கரையில் அம்மாவை மடக்கப் பார்த்த மேதாவியைத் தேடினேன், அவனைக் காணோம்.

இப்போது தினந்தோறும் பாடுகிறேன். அம்மா இருக்கையில் ஒரு நாளாவது அவளோடு உட்கார்ந்து பாடியிருக்கலாம்.