கொழும்புக்கு ஒரே டிக்கெட்

சென்னை எழும்பூரில் ஒரே ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு கொழும்பு வரைக்கும் போகலாம் என்றால் இந்தக் காலத்துக் குழந்தைகள் நம்புவார்களா? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். 'போட் மெயில்' என்று சொல்ல வேண்டியதுதான், கதை கதையாகச் சொல்வார்கள்! அந்த ரயில் போய் நின்ற கடைசி ஸ்டேஷன்தான் தனுஷ்கோடி.

முதலில் போட் மெயில் தூத்துக்குடிக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 1914-ம் வருஷம் பாம்பன் பாலம் திறந்ததும் வழி மாறியது. ரயில் கடலைத் தாண்டித் தீவுக்குள் புகுந்து, தனுஷ்கோடித் துறைக்கே போய்ச் சேர்ந்தது. அங்கே கப்பல் தயாராக இருக்கும். 'இர்வின்', 'கோஷன்' என்ற கப்பல்களின் பெயர் பழைய பிரயாணிகளுக்கு மனப்பாடம். சுமார் இரண்டு மணி நேரத்தில் தலைமன்னார். அங்கிருந்து மறுபடியும் ரயில், கொழும்புக்கு!

தபாலாபீஸ், சுங்க அலுவலகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் உள்ள ஊராக இருந்தது தனுஷ்கோடி. வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் மட்டுமா அந்த வழியாகப் போனார்கள்? தேயிலைத் தோட்டங்களில் கூலி வேலைக்கென்று மூட்டை முடிச்சுகளுடன், கைக்குழந்தைகளுடன் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் கடல் கடந்தன.

1964 அக்டோபர் 30-ந் தேதி சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களிலும் அவர்கள் சந்ததியிலும் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. அவர்கள் வந்து இறங்க வேண்டிய வாசல் தனுஷ்கோடி.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22-ந் தேதி இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியை நெருங்கும் சமயத்தில் கடல் பொங்கி வந்து அதை விழுங்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஸ்டேஷனும் துறையும் ஊரும் ஒரே இரவில் போயின.

பாம்பன் பாலத்தை 46 நாட்களில் செப்பனிட்டு விட்டார்கள். தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளத்தை மட்டும் திரும்பப் போடவில்லை. அதனால் தாயகம் திரும்பியவர்களைக் கப்பல் ராமேஸ்வரத்தில் இறக்கி விட்டது. தாத்தா கப்பலேறிய ஸ்டேஷனைப் பேரன் கண்ணால் காணவில்லை. யுத்தம் மூண்ட பிறகு, 1980-களில் அந்தக் கப்பலும் நின்று போயிற்று.

அக்கரையில் தலைமன்னாருக்கு 2015-ல் மறுபடி ரயில் விட்டார்கள். இக்கரையில் ஸ்டேஷன் என்று சொல்ல மணலில் நிற்கும் சில சுவர்கள்தான்! பக்கத்தில் கூரையில்லாத மாதா கோயில், சங்கும் சோழியும் விற்கும் கடைகள், மீனவர் குடிசைகள்.

2017 முதல் ராமேஸ்வரத்திலிருந்து நல்ல சாலை இருக்கிறது. இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிய பிறகு, குழந்தைகளை அங்கேயும் ஒரு நடை அழைத்துப் போங்கள். பிழைப்புக்காகக் கடல் கடந்த ஜனங்கள் மண்ணை மிதித்த கடைசி இடம் இதுதான் என்று சொல்லுங்கள். சுவர்கள் இன்னும் எத்தனை நாள் நிற்குமோ, சொன்ன கதை நிற்கும்.